திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்

எம்.ஜி.ஆர். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றுதான் என் அம்மா கல்யாணம் ஆகும்வரை நம்பிக்கொண்டிருந்தார். கத்தி இடது கையில், சாட்டை இடது கையில், வில்லன் கன்னத்தில் விழும் அறையும் இடது கையால். அம்மாவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் இடையில் இருந்த எங்கள் தோட்டத்தில் படம் காட்டிய நாளெல்லாம் அவர் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்துதான் பார்த்தார்.

இளையவர்களுக்கு இது புரியாது. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்னால் இருப்பவருக்குப் படம் நேராகத் தெரியும். பின்னால் இருப்பவருக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறித் தெரியும். கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். மற்றபடி அதே படம், அதே பாட்டு. முன்வரிசை நாற்காலிகள் கிராணிமார் குடும்பங்களுக்கு. அடுத்து மண்டோர்கள், கோயில் பெரியவர்கள். பிறகு சாக்கு விரித்து ஆண்களும் பையன்களும். சட்டி பானை கழுவி முடித்து, தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைசியில் வந்து சேரும் பெண்பிள்ளைகளுக்குப் பின்பக்கம்தான் மிச்சம்.

"அங்கதான் நல்லா காத்து வரும்" என்று இன்றைக்கும் விட்டுக்கொடுக்காமல் பேசுவார் அம்மா.

போன மாதம் சிரம்பான் பேரங்காடி ஒன்றில் குடும்பத்தோடு படம் பார்க்கப் போயிருந்தோம். அக்கா மகள் கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். இடைவேளை இல்லாத படம் முடிந்து வெளியே வரும்போது, "பாட்டி, உங்க எஸ்டேட்டுல தியேட்டர் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சே."

"எங்க?"

"திடல்ல."

அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. இந்த வாரம் இதைப் பற்றி எழுத அதுதான் காரணம்.

கட்டடம் இருந்தால் வரலாறு எழுதுவது சுலபம். கோலாலம்பூர் கோலிசியம் 1920களின் தொடக்கத்தில் எழுந்தது, இன்னும் நிற்கிறது, வாசலில் நின்று படமாவது எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தோட்டத்துத் திரையரங்கு சாயங்காலம் ஆறு மணிக்கு முளைத்து நடுச்சாமத்தில் மடிந்து லோரியில் ஏறிவிடும். மறுநாள் காலையில் கச்சான் தோலும் கம்பம் நட்ட இரண்டு குழியும் இருக்கும். அந்தக் குழியில் கால் விட்டுச் சுளுக்கிக்கொண்டவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

இந்த ஊர் ஊராகப் போகும் படவித்தை பழையது. 1920களில் ஷாங்ஹாயிலிருந்து சிங்கப்பூர் வந்த ரன்மி ஷா, பின்னால் வந்து சேர்ந்த தம்பி ரன்ரன் ஷாவுடன் மலாயாவின் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். பிறகு நாடு முழுவதும் தியேட்டர் கட்டிய ஷா சகோதரர்கள் இவர்கள்தான். அது மௌனப் பட காலம். பேச்சே இல்லாததால் சீனருக்கும் தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் ஒரே படம் போதும். 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழ்ப்படம் பேச ஆரம்பித்த பிறகுதான் தோட்டத்து ஆள் தன் மொழிப் படம் வேண்டுமென்று கேட்கத் தொடங்கினார்.

தோட்டத்துக்குள் படம் வந்ததற்கு இன்னொரு காரணம் பிலிம். 1950களின் தொடக்கம் வரை தியேட்டர்களில் ஓடிய 35 மில்லிமீட்டர் சுருள்கள் பெரும்பாலும் நைட்ரேட். தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதனால்தான் தியேட்டரில் படம் ஓட்டும் அறையை அவ்வளவு கெட்டியாகக் கட்டினார்கள். கோடாக் நிறுவனம் 1923இல் கொண்டுவந்த 16 மில்லிமீட்டர் பிலிம் அப்படி எரியாதது. எடையும் குறைவு. ஒரு சின்ன ஜெனரேட்டர், ஒரு புரொஜெக்டர், ஒரு ஒலிபெருக்கி இருந்தால் போதும். பள்ளிக்கூடமோ, கோயில் வாசலோ, பால் ஸ்டோர் முன்னாலோ எங்கே வேண்டுமானாலும் காட்டலாம்.

பெரிய சுருள் ஒன்று 1,600 அடி. ஓடி முடிய 44 நிமிடம். மூன்றரை மணி நேரம் ஓடும் 'நாடோடி மன்ன'னுக்கு ஐந்து சுருளாவது வேண்டும். புரொஜெக்டர் ஒன்றுதான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு சுருளுக்கும் நடுவில் ஓர் இடைவேளை. கச்சான் பூத்தே விற்பவருக்கு அது பொன்னான நேரம். சுருள் மாற்றும்போது பெட்டி மாறிப் போய் மூன்றாவது முந்தியும் இரண்டாவது பிந்தியும் ஓடியதுண்டு. செத்துப்போனவர் அடுத்த சுருளில் எழுந்து வந்து பாட்டுப் பாடுவார். யாரும் பெரிதாகச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. கதை எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

சரி, இதற்கெல்லாம் காசு யார் கொடுத்தார்கள்? 'ஓசிப் படம்' என்று சொல்லியே பழகிவிட்டோம். இந்த உலகத்தில் ஓசியில் எதுவும் வந்ததில்லை, தோட்டத்தில் நிச்சயமாக இல்லை.

அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, எண்பதைத் தாண்டியவர். அவருக்கு நினைவு தெரிந்த முதல் படம் முள்வேலிக்குள் பார்த்தது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவித்தார்கள். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் சிதறிக் கிடந்த சீனர் குடியிருப்புகளைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றியதைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதே நேரத்தில் தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிலும் முள்வேலி போட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நெகிரி செம்பிலானில் பகாவ், கோலாபிலா, ஜெலபு வட்டாரங்களில் கெடுபிடி அதிகம். ராத்திரி ஊரடங்கு. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று அரிசிக்கும் கணக்கு.

அந்த வேலிக்குள் தகவல் இலாகாவின் படவண்டி வரும். 1946இல் தொடங்கப்பட்ட மலாயன் பிலிம் யூனிட் எடுத்த சின்னப் படங்களை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழியிலும் கொண்டுவருவார்கள். கொசுவை ஒழிப்பது எப்படி, சேமிப்பது எப்படி, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தால் என்ன கிடைக்கும் என்கிற மாதிரி. வண்டியிலிருந்து ஒருவர் மைக்கில் தமிழில் விளக்கம் சொல்வார். அதற்குப் பிறகுதான் சார்லி சாப்ளின்.

"சாப்ளின் வர்ற வரைக்கும் நாங்க தூங்குவோம்" என்றார் மாமா. "எவனாவது ஒருத்தன் முழிச்சிருந்து எழுப்பணும். அதுக்கு முறை வச்சிருந்தோம்."

வெள்ளைக்காரன் அத்தனை செலவு செய்து மனதை மாற்ற அனுப்பிய படத்தைப் பையன்கள் முறை போட்டுத் தூங்கிக் கழித்திருக்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டதில் ஒரு சந்தோஷம். 1960 ஜூலை 31ஆம் தேதி அவசரகாலம் முடிந்தது. வேலியைப் பிரித்தார்கள். வேலிக் கம்பங்களில் இரண்டைக் கோயில் கமிட்டி எடுத்து வைத்துக்கொண்டது, பின்னாளில் திரை கட்டுவதற்கு. இதை மாமா சொன்னபோது அம்மாவும் தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒத்துப்போகும் விஷயம் அபூர்வம், ஆகவே நம்புகிறேன்.

துரைமாருக்கும் கணக்கு உண்டு. சம்பள நாள் சாயங்காலம் ஆள் பட்டணத்துக்கோ கள்ளுக்கடைக்கோ போனால் மறுநாள் பெரட்டில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். தோட்டத்துக்குள்ளேயே படம் போட்டால் ஆள் உள்ளேயே இருப்பான். பானக் கம்பெனி வண்டிகளும் வரும். ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பை, நடுவில் விளம்பரம், பிறகு படம். தைலம் விற்பவர்கள் பாட்டுக் காட்சியில் நிறுத்திவிட்டு இடுப்புவலியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அவர்களைத்தான் மாமாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எங்கள் ஆட்கள் தங்கள் சொந்தக் காசில் வாங்கியது திருவிழாப் படம். மாரியம்மன் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி. சம்பளம் போடும் மேசைக்குப் பக்கத்திலேயே கமிட்டிக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பணத்தில் மேளம், அன்னதானம், அலங்காரம் போக ஒரு படம். கோலாலம்பூரிலிருந்து தகரப் பெட்டியில் சுருள்கள் பஸ்ஸில் வரும். அதை இறக்கித் தூக்கி வரும் பையன்களுக்கு அன்றைக்கு இருக்கும் மரியாதை துரைக்குக்கூட இருக்காது. இதில்தான் எந்தப் படம் என்று முடிவு செய்யும் உரிமை லயத்து ஆளுக்கு வந்தது. உரிமை வந்ததும் சண்டையும் வந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வருஷம் கமிட்டி இரண்டாகப் பிரிந்துபோனது. மேட்டு லயம் 'எங்க வீட்டுப் பிள்ளை' வேண்டும் என்றது. 1965இல் வந்த படம், சூடு ஆறவில்லை. பள்ளத்து லயம் சிவாஜி கட்சி. 'பாசமலர்' பார்த்து அழாத திருவிழா திருவிழாவா என்று கேட்டார்கள். நான்கு கூட்டம் போட்டும் முடியவில்லை. கடைசியில் கோயில் பூசாரி, இரண்டையும் போட்டுவிடுங்கள், மிச்சக் காசை நான் தருகிறேன் என்றார். முதலில் சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று அதற்கு ஐந்தாவது கூட்டம்.

படம் முடியும்போது மணி நாலரை. ஐந்தரைக்குப் பெரட்டு. பால்மரத்துக்கு விடியற்காலைதான் நேரம். வெயில் ஏறினால் பால் இறங்குவது குறைந்துவிடும். கண்ணெல்லாம் சிவந்து, பாதிப் பேர் 'பாசமலர்' அழுகையே இன்னும் தீராத முகத்தோடு கையில் உளியும் வாளியுமாக நின்றிருக்கிறார்கள். துரை வரிசையைப் பார்த்துவிட்டுக் கிராணியிடம் ஏதோ கேட்டாராம். கிராணி பதில் சொல்வதற்குள் பிடித்துக்கொண்டது மழை. மரம் நனைந்தால் வெட்ட முடியாது. எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள். ஆத்தா ரெண்டு கட்சிக்கும் பொது என்று ஊரே பேசிக்கொண்டது. மாசக் கடைசியில் சம்பளம் வாங்கும்போது அந்த மழை நாளுக்குக் காசு இல்லை. தூங்கிய நாளுக்கு அவர்களே கொடுத்த விலை அது.

தமிழ்ப்பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்க, கூரை போட என்று டிக்கெட் போட்டுக் காட்டிய படங்களும் உண்டு. திடலைச் சுற்றிச் சாக்குத் தட்டி கட்டுவார்கள். அந்த நாட்களில் பின்பக்கமும் டிக்கெட்டுக்கு உள்ளேதான். ஆனால் பின்பக்கத்துக்குப் பாதி விலை என்று யாரும் யோசித்ததில்லை. இதை நான் சொன்னபோதுதான் அம்மாவுக்கே உறைத்தது. "ஆமா, ஏன்?" என்றார்.

பட்டணத்துக் கொட்டகைக்குப் போவது தனிக் கதை. தீபாவளிக்குத் தோட்டத்து லோரி சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ போகும். ஏறுவது ஆண்கள், பையன்கள், கல்யாணமான பெண்கள். வயசுக்கு வந்த பெண்பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். அம்மா முதன்முதலில் கூரை போட்ட கொட்டகையில் படம் பார்த்தது 1969இல், கல்யாணமான மூன்றாம் மாதம். அப்பா சிரம்பானுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பழைய படம், 'நாடோடி மன்னன்' மறுபடியும் போட்டிருந்தார்கள்.

வாள்சண்டை வந்தது. அம்மா அப்பாவின் காதில், "ஏங்க, இவரு எம்ஜிஆர் இல்லையே" என்றார்.

அப்பா இந்தக் கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து விடமாட்டார். ஒவ்வொரு முறையும் சபை சிரிக்கும், அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். பேரங்காடியிலிருந்து திரும்பிய அன்றைக்குத்தான், காரில், அவர் வேறொன்று சொன்னார்.

"முன்னால உக்காந்தவங்க எத்தன பேரு. அண்ணன் இருந்தாரு, சித்தப்பா இருந்தாரு. ஒருத்தரு கூட எங்கிட்ட சொல்லல பாரு. நானும் எத்தனையோ தடவ, எம்ஜிஆரு இடது கையிலேயே எப்புடி வீசுறாருன்னு பேசியிருக்கேன். யாரு காதுலயும் விழுகல."

காரில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நாடகமும் இந்தத் திடலில்தான் நடந்தது. 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வந்த பிறகு, வசனத்தை மனப்பாடம் செய்யாத இளைஞன் தோட்டத்தில் கிடையாது. மணிமன்றத்துப் பையன்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கோர்ட்டு சீன் போடுவார்கள். இதைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

திடலைக் காலி செய்தது தொலைக்காட்சி என்று சொல்கிறார்கள். முழுக்கச் சரியில்லை. 1963 டிசம்பர் 28ஆம் தேதி இந்த நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. ஆனால் பல தோட்டங்களில் லயத்துக்கு மின்சாரமே சாயங்காலம் சில மணி நேரம்தான், ராத்திரி பத்துக்கு நிறுத்திவிடுவார்கள். மண்டபத்தில் இருந்த ஒரே கறுப்பு வெள்ளைப் பெட்டியில், எப்போதாவது வரும் தமிழ்ப்படத்தின் உச்சக்கட்டத்தை எத்தனையோ முறை அந்தப் பத்து மணி விழுங்கியிருக்கிறது. திடலுக்கு நிஜமாகவே அடி போட்டது 1980களில் வந்த வீடியோ. டெக்கை வாடகைக்கு எடுத்து, நாலு கேசட்டோடு விடிய விடியப் பார்த்தார்கள். முதலில் மண்டபத்தில் எல்லோரும், பிறகு ஒரு லயத்தார், பிறகு அவரவர் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. பட்டணத்துக் கொட்டகைகளும் அந்தப் பத்து இருபது வருஷத்தில் ஒவ்வொன்றாக மூடின.

அதற்குள் தோட்டமே கைமாறத் தொடங்கியிருந்தது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். பிள்ளைகள் செனாவாங் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். பிறகு செம்பனையும் போய்த் தாமான் வந்தது. கோயிலுக்கு இடம் கேட்டுப் போராட ஆள் இருந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கும் இருந்தார்கள். அவர்களுக்குக் கோடி நன்றி. திடலுக்காக யாரும் மனு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் என்னவென்று எழுதியிருப்பார்கள்? இரண்டு குழி இருந்த இடம் என்றா?

அரசாங்க வண்டி காட்டிய படங்களுக்காவது ஒரு காப்பகம் உண்டு. மலாயன் பிலிம் யூனிட் பிறகு பிலிம் நெகாரா ஆகி, 2013இல் பினாஸோடு சேர்ந்தது. நாம் வரி போட்டுக் காட்டிய படங்களுக்கு இருந்தது கமிட்டிக்காரரின் நோட்டுப் புத்தகம் மட்டும். அதுவும் எங்கள் தோட்டத்தில் கரையான் தின்றதாகக் கேள்வி. உங்கள் தோட்டத்து நோட்டு யார் வீட்டுப் பரணிலாவது இருக்கலாம். சுருள் மாற்றிய கைகளும் இருக்கலாம். அந்தப் பையன்களுக்கு இப்போது எழுபது எண்பது வயது. ஞாயிற்றுக்கிழமை பேசிப் பாருங்கள். பேசும்போது போனில் பதிவு செய்யுங்கள், எடுக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் படம் பார்த்ததோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் வந்தது, 1960களின் ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தின் கதை. 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்ட குடும்பத்தின் கதை. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகவே பரிசு வாங்கியது. அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை.

போன ஞாயிறு அக்கா மகள் கைப்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தை விரித்துக்கொண்டு வந்தாள். பாட்டியின் தியேட்டர் எங்கே இருந்தது என்று குறித்து வைக்க வேண்டுமாம். மாமாவையும் ஒலிபெருக்கியில் போட்டோம். ஆறு தெரிந்தது. பழைய ஸ்டோர் இருந்த வளைவு தெரிந்தது. கோயில் அப்படியே இருக்கிறது, சுற்றிலும் மாடி வீடுகள். கோயிலை வைத்துத் திரையைக் கண்டுபிடிக்கலாம் என்று முடிவானது.

"கோயிலு திரைக்கு வலது பக்கம்" என்றார் மாமா.

"இல்லண்ணே, இடது பக்கம்" என்றார் அம்மா.

"ஏ புள்ள, எனக்குத் தெரியாதா? கம்பம் நட்டவன் நான்."

"நீங்க நட்டீங்க. நான் பாத்தேன். இடது பக்கம்."

அக்கா மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இருவருக்கும் விளக்கிச் சொல்ல வாயெடுத்தவளை நான்தான் கையமர்த்தினேன். அரை மணி நேரமாயிற்று, இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.